மாலுமியும் முஅல்லிமும்: எம் பாடசாலைகளின் சொற்கல்வி பற்றி

க.பொ.த. சாதாரண தரம்வரை தமிழ் கற்பிக்கும் எவரும் 'அருஞ்சொல் விளக்கம்' என்ற பகுதியைக் கடந்துதான் போகவேண்டும். பாடத்தின் இறுதியில் ஒரு பட்டியல் இருக்கும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதுவார்கள், பாடமாக்குவார்கள், பரீட்சையில் ஒப்புவிப்பார்கள். மூன்றாம் தவணை முடிந்து ஒரு மாதம் போனால் அதே பிள்ளையிடம் அதே சொல்லைக் கேட்டுப் பாருங்கள். "எங்கயோ படிச்ச மாதிரி இருக்கு சேர்" என்பதே பதிலாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு மறதி அதிகம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. வீட்டில் கேட்ட சொல்லோடும், கடலில் கேட்ட சொல்லோடும், ஓதற்பள்ளியில் கேட்ட சொல்லோடும் முடிச்சுப் போடப்படாத சொல் மனதில் தங்காது. அந்த முடிச்சைப் போடுவதற்குச் சொற்பிறப்பு அறிவு வேண்டும். எம் வகுப்பறைகளில் அது எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை, புத்தளம் களப்புக் கரையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திசைச்சொல் என்ற பட்டியல்

தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பிரித்தார். அவர் சொன்ன திசைச்சொல், செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களிலும் வழங்கிய சொல். நன்னூலார் காலத்தில் அந்த வரையறை விரிந்து, தமிழல்லாத பிற நாடுகளின் சொற்களும் அதற்குள் வந்தன. இன்று கடைகளில் விற்கும் பயிற்சி நூல்களில் அது இன்னும் சுருங்கி, நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையாகி நிற்கிறது: போர்த்துக்கேயம், ஒல்லாந்து, ஆங்கிலம், அறபு. ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்தாறு சொற்கள். இலக்கணத்தில் ஒரு வாழும் வகுப்பாக இருந்தது பொதுஅறிவு வினாவாகிவிட்டது.

இந்த அட்டவணையின் குறை என்னவென்று ஒரேயொரு சொல்லை வைத்துக் காட்டலாம். 'கடதாசி' என்பதைப் போர்த்துக்கேயக் கட்டத்தில் போடுவார்கள். அது பிழையல்ல. போர்த்துக்கேயரின் 'கர்தாஸ்' என்ற சொல்லிலிருந்தே தமிழுக்கு அது வந்ததாகக் கொள்வது வழக்கம். ஆனால் அந்தக் கர்தாஸ் எது? 16ஆம் நூற்றாண்டில் இந்து சமுத்திரத்தில் ஓடிய கப்பல்கள் போர்த்துக்கேயரிடம் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்த அனுமதிச் சீட்டு. அது இல்லாத கப்பல் பிடிபட்டால் சரக்கும் போகும், சில நேரம் உயிரும் போகும். அதனால் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் முஸ்லிம் வணிகர்கள். போர்த்துக்கேயருக்கு அந்தச் சொல் அறபு 'கிர்தாஸ்' என்பதிலிருந்து கிடைத்தது என்பது அறிஞர் பலரின் முடிவு. கிர்தாஸ் குர்ஆனில், சூறா அன்ஆமில் வரும் சொல். அறபுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது.

ஆக, பிள்ளையின் கையிலுள்ள கடதாசி கிரேக்கம், அறபு, போர்த்துக்கேயம், தமிழ் என நான்கு கரை கண்டது. எங்கள் கடல் வணிகர்களின் சொல், எங்கள் கடல் வணிகர்களையே மறிக்கும் சீட்டின் பெயராகி, பிறகு எங்கள் பிள்ளைகளின் கொப்பித் தாளாக வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சொல்ல வகுப்பில் ஐந்து நிமிடம் போதும். 'கடதாசி - போர்த்துக்கேயம்' என்று எழுதிவிட்டுப் போனால் இந்த வரலாறு முழுவதும் அந்தச் சிறு கோட்டுக்குள் மறைந்துவிடும்.

மூன்று வழிகள்

அறபுச் சொற்கள் என்று ஒரே கட்டத்தில் போடப்படுபவை உண்மையில் மூன்று வெவ்வேறு வழிகளால் தமிழுக்கு வந்தவை. இந்த வேறுபாட்டை எந்தப் பயிற்சி நூலும் காட்டுவதில்லை.

முதலாவது கடல்வழி. 'மாலுமி' என்ற சொல்லை எந்தப் பிள்ளையும் தூய தமிழ் என்றே நினைக்கும். அதன் மூலம் 'முஅல்லிம்', கற்பிப்பவர். இந்து சமுத்திரத்தில் கப்பலுக்கு வழிகாட்டியவரை அறபு மாலுமிகள் முஅல்லிம் என்றே அழைத்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் கடல்வழி நூல்கள் எழுதிய அஹ்மத் இப்னு மாஜிதுக்கும் அதுவே பட்டம். நட்சத்திரமும் காற்றும் நீரோட்டமும் கற்றுத் தேர்ந்தவர் என்பதால் வந்த மரியாதை. மலாய் மொழியிலும் 'மாலிம்' என்பது கப்பல் வழிகாட்டியையும் மார்க்கம் அறிந்தவரையும் குறிக்கும். எங்கள் பிள்ளை காலையில் பாடசாலையில் மாலுமி என்று படிக்கிறது, மாலையில் மத்ரசாவில் முஅல்லிமிடம் ஓதுகிறது. இரண்டும் ஒன்று என்று சொல்ல ஆளில்லை.

'சுக்கான்' அதே கப்பலில் வந்தது. அறபியிலும் சுக்கான்தான். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமைதி, தங்குதல் என்ற பொருள் தரும் ஸீன்-காஃப்-நூன் என்ற மூலத்தோடு இதைச் சேர்த்து, 'கப்பலை அமைதிப்படுத்துவதால் சுக்கான்' என்று விளக்கம் சொல்வது சுலபம். கேட்கவும் அழகாக இருக்கும். ஆனால் அறபுக்கே அது இரவல். அறமிய மொழிவழி, அதற்கும் முந்திய அக்காதிய மொழியிலிருந்து வந்த சொல் அது. இரவல் வாங்காத மொழி கடற்கரையில் எதுவுமில்லை.

இரண்டாவது கச்சேரி வழி. வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, கைதி, மகஜர், அமுல். மூலத்தில் இவை அறபு. ஆனால் பள்ளிவாசலிலிருந்து இவை தமிழுக்கு வரவில்லை. பாரசீகம் அரசமொழியாக இருந்த வட இந்தியாவிலிருந்து, இந்துஸ்தானி வழியாக, வரி அதிகாரியும் நீதிமன்ற எழுத்தரும் கொண்டுவந்தவை. அதனால்தான் 'அமல்' என்று ஓதும் எங்கள் வாயிலேயே 'சட்டம் அமுலுக்கு வந்தது' என்று வேறு உச்சரிப்பில் வருகிறது. ஒரே சொல் இரண்டு வாசலால் நுழைந்திருக்கிறது. 'கச்சேரி' என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததே. தமிழ்நாட்டில் அது பாட்டுக் கச்சேரி. புத்தளத்துப் பிள்ளைக்கு அது அடையாள அட்டைக்கும் காணி உறுதிக்கும் அலையும் அரச காரியாலயம்.

மூன்றாவது பள்ளிவழி. ஈமான், கலிமா, துஆ, ஹயாத், மௌத் போன்றவை. இவற்றை வைத்தே 'முஸ்லிம்கள் பேசுவது கலப்புத் தமிழ்' என்ற முடிவுக்கு வருகிறார்கள். கட்டுரையில் ஒரு பிள்ளை 'மௌத்தானார்' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழும். அதே பிள்ளை 'பாக்கிப் பணம் வசூலித்தார்' என்று எழுதினால் கோடு விழாது. இரண்டும் அறபுதான். ஒன்றைப் பொதுவழக்கு என்றும் மற்றதைக் கொச்சை என்றும் தீர்ப்பளிப்பது மொழியறிவு அல்ல, பழக்கம். இடத்துக்குரிய நடையைக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. பரீட்சைக் கட்டுரைக்கு 'காலமானார்' பொருந்தும் என்று சொல்லிக் கொடுக்கலாம். உன் உம்மா பேசுவது தமிழே இல்லை என்று பிள்ளைக்குத் தோன்றும்படி சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை.

எம்மிடையே உள்ள குறை

பிறரைக் குறை சொல்வதோடு நின்றுவிட முடியாது. எம் பக்கத்திலும் இரண்டு போக்குகள் வளர்ந்திருக்கின்றன.

ஒன்று, தமிழ்ச் சொற்களை மார்க்கத்திலிருந்து அகற்றும் போக்கு. தொழுகை, நோன்பு, பெருநாள், ஓதுதல், பள்ளிவாசல் ஆகிய சொற்களை எம் முன்னோர் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். 'பள்ளி' சமணரும் பௌத்தரும் தம் துறவிகளின் உறைவிடத்துக்கு வழங்கிய சொல். 'நோன்பு' தமிழ்மண்ணில் இஸ்லாத்துக்கு முந்தியது. இந்தச் சொற்களில் பழைய நம்பிக்கை ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று அவர்கள் அஞ்சவில்லை. சொல்லைத் தம் வழிபாட்டால் நிரப்பினார்கள். இன்று ஸலாத், ஸவ்ம், ஈத் என்று மட்டுமே சொல்லவேண்டும் என்று சில இளைஞர் வற்புறுத்துகிறார்கள். அறபு அறிவது நல்லது, அவசியமும்கூட. ஆனால் 'தொழுகை' என்ற சொல் போனால் அதனோடு பல நூற்றாண்டு முஸ்லிம் தமிழும் போகும்.

மற்றது, ஒலியொப்புமையை வைத்து வேர் காணும் போக்கு. எங்கள் மலர்களிலும் மகாநாட்டுக் கட்டுரைகளிலும் இது மலிந்திருக்கிறது. இரண்டு சொற்கள் காதுக்கு ஒரேமாதிரி இருந்தால் உடனே ஒன்று மற்றதன் பிள்ளையாகிவிடுகிறது. 'மரைக்காயர்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். மரக்கலத்தோடு சேர்த்து 'மரக்கலராயர்' என்பார் ஒரு சாரார். அறபு 'மர்கப்' (கப்பல்) என்பார் மறுசாரார். இரண்டுமே கடலைச் சுட்டுகின்றன, இரண்டும் நம்பத்தக்கவை போலவும் இருக்கின்றன. இங்கே ஆய்வாளர் செய்யவேண்டியது, பழைய சாசனங்களிலும் நூல்களிலும் அப்பெயர் எந்த வடிவத்தில் முதலில் கிடைக்கிறது, ஒலிமாற்றத்துக்கு வேறு சான்று உண்டா, எந்த வழியால் வந்திருக்கும் என்று பார்ப்பது. இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் எழுதப்படும் சொற்பிறப்பு விளக்கம், நம் பெருமைக்காக நாமே எழுதிக்கொள்ளும் நற்சான்றிதழாகத்தான் இருக்கும்.

இந்த மூன்று கேள்விகளையும் வகுப்பிலேயே பழக்கலாம் என்பதற்கு எங்கள் ஊர்ப்பெயரே போதும். புது + அளம் = புத்தளம் என்று எல்லாரும் சொல்கிறோம். உப்பளங்கள் நிறைந்த ஊருக்குப் பொருத்தமான விளக்கம். இலக்கணம் இடம்கொடுக்கிறதா? கொடுக்கிறது. புது + அரிசி = புத்தரிசி, புது + உயிர் = புத்துயிர் என்பவை அதே புணர்ச்சி. பெயர் எவ்வளவு பழையது? 1344இல் இக்கரையில் இறங்கிய இப்னு பதூதா ஊரின் பெயரை 'பத்தாலா' என்று குறித்தார். அறபியில் 'ப'கரத்தின் வல்லோசை இல்லாததால் அது மெல்லோசையாயிற்று, இறுதி மகரம் விழுந்தது. ஆகவே 14ஆம் நூற்றாண்டிலேயே இப்பெயருக்கு இணையான வடிவம் வழங்கியது என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல இந்தச் சான்று இடம் தராது. எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் பாடத்தின் ஒரு பகுதி.

கற்பிட்டியை எடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். கல் + பலகை = கற்பலகை போலவே கல் + பிட்டி = கற்பிட்டி என்று மேட்டுநிலப் பொருளில் விளக்கலாம். 'பிட்டிய' என்பது சிங்களத்தில் வெளி, சமநிலம் என்று பொருள்படும். எந்த மொழிக்காரர் முதலில் பெயர் வைத்தார் என்று சண்டை பிடிப்பதைவிட, இரண்டு மொழியும் ஒரே மணலில் நின்று பேசியிருக்கின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது பயன் தரும். அந்தக் கற்பிட்டியில்தான் 1807இல் சைமன் காசிச்செட்டி பிறந்தார். 1834இல் இலங்கையின் ஊர்விபரக் கோவையையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான 'தமிழ் புளூட்டாக்'கையும் ஆங்கிலத்தில் தந்தவர். ஊர்ப்பெயரும் புலவர் பெயரும் தொகுக்கவேண்டியவை என்று இக்கரையில் நினைத்த ஒருவர் இருந்திருக்கிறார். எம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

சீறாப்புராணமும் அரும்பதமும்

சொற்பிறப்பைக் கற்பிக்க எம்மிடமுள்ள மிகச் சிறந்த நூல் சீறாப்புராணம். உமறுப்புலவர் தம் காப்பியத்தின் மூன்று காண்டங்களுக்கும் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என அறபுப் பெயர் வைத்தார். உட்பிரிவுகளை மட்டும் தமிழ்க் காப்பிய மரபில் 'படலம்' என்றார். இந்த இணைப்பை ஆசிரியர் ஒரு நிமிடமேனும் நின்று கவனிக்க வேண்டாமா? நாம் செய்வது 'விலாதத்து = பிறப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது.

அந்தச் சொல்லின் உறவினர் எல்லாரும் பிள்ளையின் வீட்டிலேயே இருக்கிறார்கள். நபி பிறந்த மாதத்தில் ஓதப்படும் மௌலூது அதே வாவ்-லாம்-தால் மூலத்தில் பிறந்தது. வலது (மகன்), அவ்லாது (மக்கள்), வாலிதைன் (பெற்றோர்) எல்லாம் அதே குடும்பம். நுபுவ்வத்திலிருந்து நபிக்குப் போகலாம். ஹிஜ்றத்திலிருந்து ஹிஜ்ரி ஆண்டுக்கும் முஹாஜிருக்கும் போகலாம். ஒரு சொல்லைக் கற்பித்தால் ஐந்து சொல் கிடைக்கும். அறபு மூலங்களின் இந்த அமைப்பு, வினையடியிலிருந்து தொழிற்பெயரும் வினையாலணையும் பெயரும் ஆக்கும் தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டுக் காட்டவும் வசதியானது. ஓதற்பள்ளிக் கல்வியும் பாடசாலைக் கல்வியும் ஒரே தலைக்குள் இரண்டு பூட்டிய அறைகளாக இருக்கவேண்டியதில்லை.

உமறு அறபுச் சொற்களைத் தமிழ் ஒலிக்கு இசைவித்த முறையும் ஒரு பாடம். ரகரம் மொழிமுதல் வராது என்ற விதியை மதித்து 'இறசூல்' என்றார். வடசொல்லுக்குத் தொல்காப்பியர் சொன்ன வழியை அவர் அறபுக்கும் பொருத்தினார். இலங்கையில் நாம் றமழான் என்றும் தமிழ்நாட்டார் ரமலான் என்றும் எழுதுவதும் இதே பிரச்சினையின் தொடர்ச்சி. 'ளாத்' என்ற எழுத்துக்கு இவர்கள் லகரத்தையும் நாம் ழகரத்தையும் கண்டோம். எது சரி என்று வாதாடுவதற்கு முன், இரு தரப்பும் தமிழில் இல்லாத ஓர் ஒலிக்குத் தமிழில் இடம் தேடியிருக்கின்றன என்று புரியவைக்கலாம்.

இத்துறையில் எமக்குக் கைவிளக்கு இல்லை என்று சொல்ல முடியாது. பாணந்துறையிலிருந்து எழுந்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக விளங்கிய ம.மு. உவைஸ் தமிழ் இலக்கியங்களில் வரும் அறபுச் சொற்களுக்கு ஓர் அகராதியே தந்தார். அதன் எல்லை இலக்கியம் என்பதை அதன் பெயரே சொல்கிறது. புலவரின் ஏட்டில் ஏறிய சொல் அதில் இருக்கும். கரைவலைச் சம்மாட்டியின் வாயிலும், உப்பளத் தொழிலாளியின் வாயிலும், வாடிக்குள் சோறாக்கும் பெண்ணின் வாயிலும் மட்டும் வாழும் சொல்லைத் தேடுவது அவர் ஏற்ற பணியல்ல. அது மீதியிருக்கிறது. அவரைப் பாராட்டி விழா எடுக்கும் நாம் அந்த மீதியைத் தொடவில்லை என்பதே என் விமர்சனம்.

அகதி முகாம்

சொற்பிறப்பு ஏதோ பண்டிதர் பொழுதுபோக்கு என்று நினைப்பவருக்கு ஒரு சொற்றொடரைக் காட்டுகிறேன்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். கற்பிட்டிக் குடாநாடெங்கும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. எமது பாடசாலைகளின் வகுப்புகள் இரண்டு மடங்காயின. 'படலை' என்று சொல்லும் பிள்ளையும் அதைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு தலைமுறைக்கு விலாசமாக இருந்தது 'அகதி முகாம்'.

அகதி: அ + கதி, போக்கிடமற்றவர். வடமொழி. முகாம்: அறபு 'மகாம்', நிற்கும் இடம். இப்ராஹீம் நபி நின்ற இடத்தை மகாமு இப்ராஹீம் என்கிறோம். ஞானிகள் அடையும் படித்தரத்துக்கும் மகாம் என்றே பெயர். படையினர் தங்கும் இடத்துக்கு வழங்கி, இந்துஸ்தானி வழியாகக் கச்சேரித் தமிழுக்கு வந்து, கடைசியில் கிடுகுக் கொட்டிலுக்குப் பெயராயிற்று. போக இடமில்லாதவர் நிற்கும் இடம் என்பது அத்தொடரின் நேர்ப்பொருள். மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் நெஞ்சில் தைக்கும்.

பிறகு அரச கடிதங்களில் 'இடம்பெயர்ந்தோர்' வந்தது. பெயர்தல் தன்வினை. தானே நகர்ந்ததுபோல ஒலிக்கிறது. 'வெளியேற்றப்பட்டோர்' என்றால் செயப்பாட்டுவினை, வெளியேற்றியவர் யார் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று இலக்கணப் பாடத்தில் நாம் கற்பிப்பது இதைத்தான். தம் பெற்றோரைக் குறிக்கும் மூன்று சொற்களை, அகதி, இடம்பெயர்ந்தோர், வெளியேற்றப்பட்டோர் என வரிசையாகப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்டால் சாதாரண தரப் பிள்ளைகள் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள். நான்காவதாக 'முஹாஜிர்' என்று ஒரு பிள்ளை சொன்னது. உடனே இன்னொரு பிள்ளை, "அவங்க மக்காவ விட்டுப் போன மாதிரித்தான், ஆனா நம்மளுக்கு அங்க அன்சாரிகள் மாதிரி எல்லாரும் இருந்தாங்களா சேர்?" என்று கேட்டது. வந்தோரும் இருந்தோரும் கலந்திருந்த அந்த வகுப்பில் அதற்குமேல் நடந்த உரையாடல் எந்த அருஞ்சொல் பட்டியலாலும் கிடைக்காதது.

செய்யக்கூடியவை

பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அருஞ்சொல் பட்டியலில் பத்துச் சொல் இருந்தால் இரண்டை மட்டும் தெரிந்தெடுத்து வழி, வடிவம், உறவுச் சொற்கள் ஆகியவற்றோடு விளக்கலாம். மீதி எட்டுக்கும் பொருள் எழுதினால் போதும். பாடசாலை நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கனின் பிரதியோ அச்சோ ஒன்று இருக்கவேண்டும். சொல்லின் பக்கத்தில் மூலமொழியைக் குறிக்கும் அதன் சுருக்கக் குறிகளை வாசிக்க எட்டாம் வகுப்பிலேயே பழக்கலாம்.

இன்னொன்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களால் செய்யக்கூடியது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லும் மீனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவற்றில் வாடையும் கொண்டலும் சங்கப் பாடல்களில் வீசியவை. நெடுநல்வாடையைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாம், அதே வாடைக்கு வலையை ஏற்றிவைக்கும் மனிதரிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. களப்பு என்று அவர் சொல்வதைப் பாடநூல் கடனீரேரி என்கிறது. இரண்டும் தமிழ்தான். களப்பு அவருடையது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு விடுமுறையில் தம் வீட்டாரிடமிருந்து இருபது தொழிற்சொற்களை, யார் சொன்னார், எந்த ஊர், எந்தச் சந்தர்ப்பம் என்ற குறிப்போடு எழுதிவந்தால் மூன்று ஆண்டில் ஒரு பிரதேச அகராதிக்கான மூலம் கிடைக்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு விடுமுறைக்கு எண்ணூறு பதிவுகள். பாதி திரும்ப வந்தாலும் நானூறு.

இயந்திரப் படகும் நைலோன் வலையும் வந்தபின் பழைய வள்ளத்தின் உறுப்புப் பெயர்கள் வயதானவர்களிடம் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். வரும் ஓகஸ்ட் விடுமுறைக்கு முன் கொப்பிகளைக் கொடுத்துவிடுவோம்.